இரண்டு கேட்டு

வாலிபர் ஏன் வருவதில்லை என்று
மூன்று கூட்டம் போட்டோம்.
மிக்சர், டீ, தண்ணீர் பாட்டில்: அறுநூற்று நாற்பது.
கிட்டார் வாங்கலாம் என்றார் பொருளாளர்.
பீடத்துக்குப் பின்னால் நீல லைட் என்றது ஒரு குரல்.
நான் செயலர். எழுதிக்கொண்டேன்.
கடைசியில் ஐந்நூறு கைப்பிரதி அச்சடித்து
விநியோகிக்க என்னையே அனுப்பினார்கள்.

உவரி ரோட்டில், காற்றாலைக்குக் கீழே
கான்ட்ராக்டர் விட்டுப்போன தகரக் கொட்டகை.
உள்ளே கேரம்.
மேலே சுற்றும் இறக்கையின் நிழல்
போர்டைத் துடைத்துத் துடைத்துப் போகும்.
அது விலகும் நொடி பார்த்துச் சுண்டுவான் பேச்சிமுத்து.

பிரதியை நீட்டினேன்.
'நீ எங்கே போகிறாய்?'
சிவப்பில், கொட்டை எழுத்தில்.
"திசையன்விளைக்கு" என்றான் இசக்கிராஜா.
"கிரீஸ் டப்பா வாங்கணும். கூட வாரியளா?"
சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.
பேச்சிமுத்து நாலு பிரதியை எட்டாய் மடித்து
ஸ்டூலின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்தான்.
போர்டு ஆடுவது நின்றது.
நாங்கள் இதுவரை அச்சடித்ததில்
உருப்படியாய் ஒரு வேலை பார்த்தது அதுதான்.

பிறகு சனிக்கிழமைதோறும் போனேன்,
வெறுங்கையோடு.
சிவப்புக் காயைத் தவறவிடுகிற ஆள் என்று
எனக்கு அங்கே ஒரு பெயர்.
இசக்கிராஜாவின் தங்கைக்குக் கடன் படிவம் நிரப்பிக் கொடுத்தேன்,
சொசைட்டி பாங்கில் என் வேலையே அதுதானே.
கர்த்தரைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.
எடுத்தது அவர்கள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா?
ஒங்க கல்லறைத் தோட்டத்துக்கு ரெண்டு கேட்டாமே.
எது யாருக்கு?"

மூலையில் செல்வின் போர்டுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தான்.
எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன்.
அவன் அப்பாவை எந்த வழியாய்க் கொண்டுபோனோம் என்று
அவனுக்குத் தெரியும்.
பெட்டிக்குப் பின்னால் நானும்தான் நடந்தேன்.
அவன் தலை தூக்கவில்லை.
பவுடர் மட்டும் அதிகமாய்க் கொட்டிவிட்டது.

"அது அந்தக் காலத்துல..." என்று ஆரம்பித்தேன்.
நிழல் வந்தது. போனது. வந்தது.
அந்தக் காலமா?
போன மார்ச்சில் கேட்டு இரண்டுக்கும் வெள்ளிப் பெயிண்ட்,
ஆயிரத்து எழுநூற்று ஐம்பது.
வவுச்சரில் என் கையெழுத்து.

இசக்கிராஜா தன் மணிக்கட்டைப் பார்த்தான்,
அங்கே கலர் கலராய் ஒரு கயிறு.
"எங்களுக்குக் கயிறு. ஒங்களுக்குக் கேட்டு."
கேலியாகக்கூடச் சொல்லவில்லை.

நடுச்சுவரை எடுத்துவிடலாம் என்றேன் கூட்டத்தில்.
அந்த அறையின் ஃபேனுக்குச் சத்தம் உண்டென்று
அன்றுதான் தெரிந்தது.
'பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.'
அதையும் நானே எழுதினேன்.
நீல லைட் ஒருமனதாய் நிறைவேறியது.

உயிர்த்தெழுந்த ஞாயிறு, விடிகாலை நாலரை.
மெழுகுவர்த்திப் பவனி முன் கேட்டில் நுழைந்தது.
நான் வரிசையை விட்டு விலகிச் சுவரைச் சுற்றி நடந்தேன்.
வீரமெல்லாம் இல்லை. வயிறு கலங்கியது.
தேரிக் காற்று என் திரியை அணைத்தது.
பின் கேட்டில் செல்வினும் அவன் அம்மாவும், இன்னும் ஏழெட்டுப் பேரும்
பவனி முடியட்டும் என்று, வழக்கம்போல.
ரோட்டில் பைக்கில் இசக்கிராஜா.
இவர்களைக் கொண்டுவிட வந்தவன், உள்ளே வரமாட்டான்.
இறங்கி வந்து லைட்டரைத் தட்டினான்,
மறு கையைக் குவித்துக் காற்றை மறைத்தான்.
கயிறு அப்படியே இருந்தது.
"பாத்து, அண்ணாச்சி. மெழுகு சுடும்."

அவன் சபைக்கு வரவில்லை.
வருவான் என்று நான் எங்கும் எழுதப்போவதில்லை.
செல்வின் ஒரு ஞாயிறு வந்தான், மறு ஞாயிறு இல்லை.
சுவர் இருக்கிறது.
நேற்று டேப் பிடித்து அளந்தேன்: முப்பத்தேழு அடி,
என் நெஞ்சு உயரம்,
அடியில் மட்டும் செம்மண் கொஞ்சம் அரித்திருக்கிறது.
பேச்சிமுத்துவிடம் கடப்பாரை இரவல் கேட்டிருக்கிறேன்.
"ஒண்ணு போதுமா?" என்கிறான்.