வழி வாய்க்கால்

உறுதியில் இப்படித்தான் எழுதியிருக்கிறது:
குப்பிழான் இறைக்குள்,
நாலு பரப்பு எட்டுக் குழித் தோட்டக்காணி,
தெற்கேயுள்ள பங்குக் கிணற்றில் ஏழில் ஒன்று,
வழி வாய்க்கால் உரித்துடன்.
வாசிக்கப் பெரிதாய்த்தான் இருக்கும்.
கிழக்கு மூலையில் தும்மினால்
மேற்கு மூலைக் கொக்கு பறக்கும்.

என் முறை வியாழன்,
விடியப்புறம் ஒன்றரை தொடக்கம் நாலு மணி.
மெசின் பொது, மண்ணெண்ணெய் அவரவர்.
முறை முடிய, தாங்கியில் மிஞ்சியதைப் போத்தலில் வடித்து
வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்,
கடைசிச் சொட்டு வரைக்கும்.
எல்லோரும் அப்படித்தான்.
பூவரசங் கொப்பில், பொலித்தீன் பைக்குள்
ஒரு சதுரறூள் கொப்பி தொங்கும்.
பெயர், மணி, கையெழுத்து.

எனக்குப் பிறகு பத்மசீலன்.

நாலு வருசமாய் நாங்கள் கதைப்பதில்லை.
வேலி அடைத்த அன்று
மூன்று கதியால் ஒரு சாண் இந்தப் பக்கம் வந்து நின்றன.
"கிளுவைக்குக் கால் முளைச்சிட்டுதோ?" என்று கேட்டேன்.
அவருடைய மனிசி திருப்பிக் கேட்டதை எழுத ஏலாது.
மல்லாகம் கோட்டில் மூன்று தவணை.
சட்டத்தரணிக்குக் கட்டிய காசுக்கு
அந்த ஒரு சாணில் பவுண் விளைந்தாலும் காணாது.
பிறகு இருவருமே போகாமல் விட்டோம்.
கதியால் தளிர்த்துவிட்டது.

நாலு மணிக்கு வேலியோரம் வந்து
டோர்ச்சை இரண்டு தரம் மின்னுவார்.
நான் மெசினை நிறுத்துவேன்.
எங்களுக்குள் உள்ள கதை அவ்வளவுதான்.

இந்த மாசியில் எனக்குச் சிக்குன்குனியா.
மூட்டுக்கு மூட்டுப் பூட்டுப் போட்டது காய்ச்சல்.
டோகாவிலிருந்து இவர் குரல் அனுப்புகிறார்,
"கஞ்சி குடி, தோட்டத்தை விடு" என்று.
விடுவதாம்.
வெங்காயத்துக்கு நாற்பது நாள்,
குமிழ் திரளுகிற நேரம்.
ஒரு தண்ணி தப்பினால் தாள் நுனி பழுக்கும்,
சுன்னாகத்தில் வியாபாரி அதை விரலால் உருட்டிப் பார்த்துக்
கிலோவுக்கு இருபது ரூபாய் வெட்டுவான்.

வியாழன் அலாரம் அடித்ததாம்.
மகன் நிப்பாட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தானாம்.
நான் எழும்ப ஆறரை.

ஒழுங்கையால் சுவர் சுவராய்ப் பிடித்துப் போனேன்.
வழியில் பவளராசாவின் மிளகாய்த் தோட்டத்தில்
ஒன்பது மயில்கள்.
முருகனின் வாகனமென்று ஒருவரும் கல்லெறிவதில்லை;
அரைப் பரப்புக் கன்று
வாகனத்தின் வயிற்றுக்குள் போய்விட்டது.

என் தோட்டத்தில் மண் கறுத்துக் கிடந்தது.
முதலில் மழை என்று நினைத்தேன்.
ஒழுங்கை மட்டும் புழுதியாயிருந்தது.

குனிந்து பார்த்தேன்.
பாத்தி பாத்தியாய்த் தண்ணி மாறியிருக்கிறது.
வாய் அடைத்த மண்ணில் மண்வெட்டியின் தட்டு
இடது பக்கத்தால் விழுந்திருந்தது.
எனக்குச் சோற்றுக் கை.
இந்த இறைக்குள் இடக்கையால் வெட்டுகிற ஆள் ஒன்றுதான்.

வேலிக்கு அங்கால் அவருடைய பீற்றூட்
பாதிதான் நனைந்திருந்தது.
மிச்சப் பாதி இலை தொங்கி,
வெள்ளிக்கிழமை முறைக்காரர் வரும்வரை
சும்மா நின்றது.

கொப்பியை எடுத்தேன்.
வியாழன், ஒன்றரை தொடக்கம் நாலு,
யோகமலர்.
எழுத்து அவருடையது.
கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

விரல் மடங்கவில்லை.
பேனையைக் கைமுட்டிக்குள் பொத்திப் பிடித்துத்தான்
நான் இறைக்காத தண்ணிக்கு
ஒப்பம் வைத்தேன்.

அடுத்த வியாழன் டோர்ச் இரண்டு தரம் மின்னியது.
மெசினை நிறுத்தினேன்.
தாங்கியில் அரைவாசிக்கு மேல் எண்ணெய் நின்றது.
போத்தலைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு வந்தேன்.

சித்திரையில் வேலி அடைக்க வேண்டும்.
அளவுநாடாவும் நூல்பந்தும்
அலுமாரிக்கு மேலே எடுத்து வைத்திருக்கிறேன்.