காற்று நாற்பத்தொன்று

அவள் முகத்தை நான் பார்த்ததில்லை.
குரலைக் கேட்பதற்குத்தான்
பதினோரு ஆண்டு சம்பளம் வாங்கினேன்.

இல்வார் நீரிணைக்கு அந்தப் பக்கம், ஹெல்மோராவில்,
மாலை ஆறு மணிக்கு அவள் வானிலை வாசிப்பாள்.
இந்தப் பக்கம், தாஸ்விக்கில்,
பழைய சோப்புத் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில்
காதுக்கருவி மாட்டிக்கொண்டு நான்.
பகை நாட்டு மீனவர்களுக்கு அடுத்தபடியாக
அவளை அதிகம் நம்பியவன்.

துறைமுகங்களை எந்த வரிசையில் சொல்கிறாளோ
அதில் இருந்தது சேதி.
கெர்வோ முதலில் வந்தால் கப்பல்கள் கிளம்பிவிட்டன.
ஒசிலா கடைசியில் வந்தால் ரயிலில் பீரங்கி.
இருமினால்,
இருமல் வெறும் இருமல்தான்.
அதற்கும் ஒரு மாதம் அர்த்தம் தேடினோம்.

காற்றின் வேகத்தில் மட்டும் எப்போதும் இரண்டு குறைப்பாள்.
குறைத்தால்: நலம், என் கை என்னிடமே இருக்கிறது.
சரியாகச் சொன்னால்: கழுத்தில் வேறு கை, இனி நம்பாதே.
பொய் சொல்லும்வரை அவள் எங்களவள்.

அந்த ஊரில் அவள் மரேன் ஒல்தா.
அம்மா வைத்த பெயர் கோப்புக்குள் இருந்தது;
கோப்பைத் திறக்க எனக்கு அதிகாரமில்லை.
செலவுச் சீட்டுகளில் பார்த்தது கொஞ்சம்:
கம்பளிக் காலுறை, பல் அடைத்த கூலி,
ஒருமுறை, காரணம் எழுதாமல், ஒரு தொட்டில்.
அடுத்த மாதம் அதை விற்ற காசு
வரவில் ஏறியிருந்தது.

மத்தி மீன் கூட்டமாக வரும் வாரம்.
ஹெல்மோராவில் ஒரு விதி: காற்று நாற்பதைத் தொட்டால்
சிவப்புக் கொடி, படகு இறங்காது.
முப்பத்தொன்பது வரை அவரவர் துணிச்சல்.
அன்றைக்கு நாற்பத்தொன்று.
இரண்டு போனால் மீதி என்ன என்று
சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒரு நொடி நிறுத்தினாள்.
தாள் புரளும் சத்தம்.
"காற்று, நாற்பத்தொன்று" என்றாள்.
கேட்காதவர்களுக்காகப் போல இன்னொரு முறை:
"நாற்பத்தொன்று."

அதே காற்றில்தான்
என் சன்னல் கண்ணாடி அடித்துக்கொண்டிருந்தது.
சத்தம் தொந்தரவாக இருந்ததால்
காகிதம் மடித்து இடுக்கில் செருகினேன்.
பிறகு எங்கள் கருவியைப் பார்த்தேன். ஒப்பிட்டேன்.
"சரி" என்று எழுதினேன்.
அந்தக் கட்டத்தில் பதினோரு ஆண்டில்
நான் எழுதிய முதல் "சரி".

மேலதிகாரி வாந்த்ரேல் நின்றபடியே வாசித்தார்.
"கதவைச் சாத்திவிடு" என்றார்.
அறைக் கதவைச் சொல்கிறார் என்று நினைத்து
எழுந்து போய்ச் சாத்தினேன்.

ஒன்பதாம் நாள் ஆள் போனான்,
குளிர்காலப் பணம் கொண்டுபோகிற அதே ஆள்.
மாவுக் கையோடு கதவைத் திறந்தாளாம்.
"இந்தத் தடவை சீக்கிரம் வந்துவிட்டாயே" என்றாளாம்.
அவன் அறிக்கையில் அவ்வளவுதான்.
அதற்குக் கீழே தோட்டாக் கணக்கு.

எல்லை திறந்தபின் ஒரு கோடையில் அங்கே போனேன்.
வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தார் ஒருவர்,
பெயர் தியூர்கன்.
வானொலிப் பெண் என்றதும் சிரித்தார்.
"நல்ல குரல். அவள் கருவிதான் கோளாறு,
எப்போதும் இரண்டு குறைத்துக் காட்டும்.
நாங்களாகவே கூட்டிக்கொள்வோம்."

அந்த மத்தி வாரத்தில்? என்றேன்.
"நாற்பத்தொன்று என்றாள்.
நாற்பத்துமூன்றாக எடுத்துக்கொண்டோம்."
முப்பத்தொன்பது என்று சொல்லியிருந்தால்?
"அப்போது நாற்பத்தொன்று. எவன் போவான்?"

ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு
அறுந்த கண்ணியைத் தேடினார்.
ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.
பிடித்துக்கொண்டேன்.
வலை உப்பிற்று. காற்று எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்.
பன்னிரண்டு இருக்கும் போலிருந்தது.

பத்து என்றேன்.