வாலில் ஒரு வெட்டு

மெய்ன் கடற்கரை. அக்டோபர், விடியுமுன்.
கூட்டை இழுத்துப் படகில் சாய்க்கிறாள்
லியோனா திபோடோ.
உள்ளே ஒரு சிங்கிறால்,
கரும்பச்சை.
சிவப்பு, கொதிநீர் தரும் நிறமாம்.
தட்டில் மட்டுமே பார்த்தவன் நான்,
பல் மருத்துவமனையில் கணக்கெழுதுபவன்.

திருப்பிக் காட்டினாள்:
வாலடியில் கடுகை அள்ளி அப்பியதுபோல்
சினை.
"பத்தாயிரம் இருக்கும்.
பத்து மாதம் சுமப்பாள்.
பிழைப்பது ஒன்று, அதுவும் சந்தேகம்."

இன்றைய விலை எனக்குத் தெரியும்.
படகின் கடனை
வரும் வழியிலேயே சொல்லியிருந்தாள்.

வால் மடலில் சின்னதாய் ஒரு முக்கோணம் வெட்டி
கடலில் விட்டாள்.
வெட்டைப் பார்த்தால் அடுத்தவரும் விட்டுவிட வேண்டும்,
சினையற்ற நாளிலும்.

அடுத்த கூடு.
சினையில்லை, நல்ல எடை.
வாலில் பழைய வெட்டு,
ஓடு மாற்றி ஓடு மாற்றிப்
பாதி தூர்ந்து கிடந்தது.
"வின்ஸ்லோ வெட்டினது," என்றாள். "கோணல் கை."

வின்ஸ்லோவோடு பேச்சு நின்று ஆறு வருடம்.
கூடு போடும் எல்லைத் தகராறு;
இவளுடைய கயிறுகளை அவன் அறுத்ததாகவும் கேள்வி.

கத்தியைத் துடைத்தாள்.
மறையப்போன அந்தக் கோணலை
அதே கோணலில்
ஆழமாய் வெட்டி
தண்ணீருக்குக் கொடுத்தாள்.