ஆட்சேபணை இல்லை

தாலுகா ஆபீஸுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையும் நோட்டரியும் ஒரே ஷட்டருக்குள்.
இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
'மேற்படி மைனர் குழந்தைகளின் தகப்பனாகிய நான்' என்று
பாதியில் நிற்கிறது எழுத்து.
டைப் அடிக்கிற பெண் கேட்கிறாள்:
"அப்பா வருவாருங்களாக்கா?"

வருவார்.
நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில்
ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார்.
மூன்று வருஷமாக
ஃபீஸ் ரசீதுக்கும் அதே கட்டைவிரல்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில்
ஏற்றுமதிக் காகிதம் பார்க்கிறவள் நான்.
இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட்,
இந்தச் சட்டை இந்த மண்ணில் பிறந்ததுதான் என்கிற சான்று.
பன்னிரண்டாயிரம் உருப்படி
எந்தத் துறைமுகத்திலும் மாட்டியதில்லை.
இரண்டே இரண்டு பிள்ளைகளை
சிங்கப்பூரில் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிப்போக
அரை நாள் அரை நாளாய் லீவு போட்டு அலைகிறேன்.

பிறப்புச் சான்றில் ஹரிணிகா.
பாஸ்போர்ட்டிலும் அவளேதான்,
எண்கணிதக்காரர் பேச்சைக் கேட்டு
நடுவில் ஓர் எழுத்து இரட்டிப்பு.
அந்த எழுத்துக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தது அவர்.
சண்டை போட்டது நான்.
இப்போது அதற்கும் ஓர் உறுதிமொழி:
'இருவரும் ஒருவரே.'
மணமேடையில்கூட எங்களுக்கு
யாரும் இப்படி எழுதிக் கொடுக்கவில்லை.

என் பெயருக்குப் பின்னால் சென்னியப்பன், என் அப்பா.
பிள்ளைகளுக்குப் பின்னால் பூபதி.
மூன்று பாஸ்போர்ட்டையும் வரிசையாக வைத்தால்
யாரோ ஒருத்தி
யாரோ ஒருத்தருடைய பிள்ளைகளோடு
எங்கேயோ போகிறாள்.

வந்தார்.
வீரபாண்டி சாயப்பட்டறையில் ஷிஃப்ட் முடிந்து, நேராக.
நேவி ப்ளூ ஓடுகிற வாரம் போல,
நகக்கண்ணெல்லாம் நீலம்.
"எங்கீங் கையெழுத்துப் போடோணும்?"
கேட்டது நோட்டரியிடம்.

முதலில் முழுக்கப் படித்தார்,
எங்கள் கல்யாணப் பத்திரிகையைக்கூட
அவ்வளவு நேரம் படித்ததில்லை.
போகும் தேதி.
திரும்பும் தேதி. அங்கே விரல் நின்றது.
"சின்னவனுக்குக் கடலை சேராதுன்னு
இதுல ஒரு வரி சேத்துங்."

நோட்டரி சிரித்தார்.
"அதெல்லாம் இதுல வராதுங்.
ஆட்சேபணை இருக்குதா இல்லையா, அவ்வளவுதானுங்."

ஜெராக்ஸ் மெஷின் யாருடைய பட்டாவையோ
வெளிச்சம் போட்டுப் போட்டுத் துப்பியது.
"இல்லீங்" என்றார்.

பெட்டியோடு வாசலில் நின்ற அன்றும் கேட்டேன்,
சொல்றதுக்கு ஏதாவது இருக்கா என்று.
அன்றும் இதே பதில்தான்,
அந்த 'ங்' மட்டும் கிடையாது.

கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பும்போது
ஓரத்தில் நீலமாய் ஒரு விரல் பதிந்துவிட்டது.
"அழுக்காயிருச்சுங்க்கா, வேற பத்திரம் வாங்கிக்கலாமா?"
வேண்டாம் என்றேன்.
இருபது ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிறாள் என்று
நினைத்திருப்பார்.
நினைக்கட்டும்.

பீளமேட்டில், இமிக்ரேஷன் வரிசையில்,
சின்னவன் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.
ஃபைலைத் திறந்து தயாராய் வைத்திருந்தேன்:
அவர் பாஸ்போர்ட் நகல், பிறப்புச் சான்று இரண்டு,
அந்த இரட்டை எழுத்தின் உறுதிமொழி, திரும்பும் டிக்கெட்,
தங்கச்சியின் அழைப்புக் கடிதம், ஸ்கூல் லீவு லெட்டர்.
அதிகாரி அப்பாவின் கடிதத்தை மட்டும் உருவினார்.
நீலத்தைத் தேய்த்துப் பார்த்தார்.
"என்னம்மா இது, இங்க்கா?"

நான் வாய் திறக்குமுன்
சின்னவன் எக்கி, மேசை விளிம்பில் தாடையை வைத்து
"அது எங்கப்பா" என்றான்.
பிறகு அவனே திருத்தி,
"அப்பா கை. சோப்புப் போட்டாலும் போகாது."

முத்திரை மூன்று முறை விழுந்தது.

மேலே ஏறி, காது அடைத்து,
ஊர் ஒரு சின்ன வெளிச்சக் கறையாய்ச் சுருங்கிய பிறகு
ஆளுக்கொரு பொட்டலம் வறுகடலை கொடுத்தார்கள்.
நான் கை நீட்டுமுன்
பெரியவள் தம்பியின் பொட்டலத்தை எடுத்து
தன் பைக்குள் போட்டு
ஜிப்பை இழுத்து மூடினாள்.