தகுதியுள்ள செலவு

அந்த ஏப்ரலில் பிரேமன் நகரத்து டிராம்கள்
ஆளில்லாமல், நேரம் தவறாமல் ஓடின.
அலுவலகம் என் சமையலறைக்குக் குடிவந்திருந்தது.
ரொட்டித் துணுக்குகளை ஒதுக்கிவிட்டு
மடிக்கணினியைத் திறந்தால்
ஒரே இரவில் அறுநூற்றுப் பன்னிரண்டு மனுக்கள்.

கலைஞர்களுக்கான அவசர நிதி.
எனக்கும் கலைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.
பதினோரு வருடம் நாய் வரிப் பிரிவில் இருந்தவன்.
ஆள் போதவில்லை, உங்களுக்குத்தான் கணக்கு வருமே
என்று இங்கே மாற்றிவிட்டார்கள்.

விதிகள் இரண்டே பக்கம்.
நான்காவது விதி: தொழிற்செலவுக்கு மட்டும்.
ஒத்திகை அறையின் வாடகை கொடுக்கலாம்,
உறங்கும் அறையின் வாடகை கூடாது.
கருவிக்குக் காப்பீடு உண்டு.
சாப்பாடு தொழிற்செலவு ஆகாது.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல்
பார்த்துக்கொள்வதற்கு
எனக்குச் சம்பளம்.

ஒருவர் ஹார்ப்சிகார்டுக்குக் கணப்புச் செலவு கேட்டிருந்தார்.
குளிரில் பலகை வெடித்துவிடுமாம்.
அனுமதித்தேன்.
பக்கத்தில் யார் உட்கார்ந்து
குளிர்காய்வார்கள் என்று படிவம் கேட்கவில்லை.
மேடை விளக்கு போடும் ஒருவர்
'நீங்கள் கலைஞரா?' என்ற கட்டத்தில்
ஆம் என்று எழுதி, அடித்து,
இல்லை என்று எழுதி, அடித்து,
கடைசியில்
'இருட்டில் இருப்பேன்' என்று எழுதியிருந்தார்.
அந்த மனுவை மூன்று நாள் திறந்தே வைத்திருந்தேன்.

வீப்கே ஹார்யெஸ், பஸ்ஸூன் வாசிப்பவர்.
கேட்டது:
சீவாளி பன்னிரண்டு, முந்நூறு யூரோ.
தொலைபேசியில் அழைத்தேன்.
ஐயாயிரம் வரை கேட்கலாமே அம்மா.
"மிச்சமெல்லாம் சாப்பாடு" என்றார்.
பிறகு, கேலியா கேள்வியா தெரியாத குரலில்,
"திரு. லூபர்ஸ், ஒரு சந்தேகம்.
சீவாளி காய்ந்திருந்தால் பேசாது.
வாயில் வைத்து ஊறவைக்க வேண்டும்.
அந்த வாய்
எந்தக் கணக்கில் வரும்?"

நாய் வரியில்கூட
பார்வையற்றவரை நடத்திச் செல்லும் நாய்க்கு விலக்கு உண்டு.
இங்கே நான்காவது விதிக்குக் கீழே
வெறும் வெள்ளைத்தாள்.

வருடத்துக்கு எத்தனை சீவாளி தேவைப்படும்? என்றேன்.
"பத்து. பன்னிரண்டு."
எனக்குச் சங்கீதம் தெரியாது.
இருநூறு என்று நீங்கள் சொன்னால்
இல்லை என்று சொல்ல
எனக்கு எப்படித் தெரியும்?

மறுமுனையில் குழாயில் தண்ணீர் சொட்டியது.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினேழாவது சொட்டில்
"இருநூறு" என்றார்,
தன் வாயிலிருந்து தானே கேட்டிராத
ஒரு தாழ்ந்த சுருதியில்.

மூன்று வருடம் கழித்துத் தணிக்கை வந்தது.
எல்லோருக்கும் ஒரே கடிதம்:
செலவை நிரூபிக்கவும், அல்லது திருப்பிச் செலுத்தவும்.
கீழே அச்சிட்ட என் கையெழுத்து.
அதை நான் போடவில்லை.
போடவில்லை என்று யாரிடமும் சொல்லவுமில்லை.

பலர் தவணை கேட்டார்கள். சிலர் திட்டினார்கள்.
ஹார்ப்சிகார்டுக்காரர் கருவியை விற்றுவிட்டதாகக் கேள்வி.

வீப்கே ஹார்யெஸிடமிருந்து ஒரு காலணிப் பெட்டி வந்தது.
உள்ளே கட்டுக் கட்டாய் ரசீதுகள்,
ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண்.
சீவாளி 1 முதல் 12 வரை இசைக்கருவிக் கடை.
சீவாளி 13, கம்பு ரொட்டி.
சீவாளி 14, உருளைக்கிழங்கு, இரண்டு கிலோ.
41, பல் மருத்துவர்.
96, மின்சாரம்.
நூற்று முப்பது ஒரு பிறந்தநாள் கேக்,
சிறியது, தள்ளுபடியில்.
200 வரை ஒரு எண் தப்பவில்லை.
இருபத்தைந்துக்குக் குறைந்த இடத்தில்
அடுத்த ரசீதை ஒட்டி நேர்செய்திருந்தார்.
நாய் வரியில் பதினோரு வருடம்,
இவ்வளவு சுத்தமான கணக்கை
நான் பார்த்ததில்லை.

மேலதிகாரி ஐந்து மணிக்குக் கிளம்பிப் போனார்.
மேசை அறையிலிருந்து முத்திரையை எடுத்தேன்.
வெகுநாள் கிடந்ததில்
ரப்பர் காய்ந்து போயிருந்தது.
உதட்டருகே கொண்டுபோய்
வாய் திறந்து
ஊதினேன்.