பலகையில் எழுத வேண்டியது

பனி உருகி மூன்றாம் வாரம்.
சிவப்பு பெயின்ட் ஒரு டப்பா, வெள்ளை அரை டப்பா,
ரசமட்டம், அளவு நாடா, நேற்றைய ரொட்டி.
இவ்வளவோடு ஏரியைச் சுற்றக் கிளம்புகிறேன்.
மலையேற்ற மன்றம் எனக்குக் கொடுத்த வேலை
பாறைகளுக்குப் பொட்டு வைப்பது:
சிவப்பு வளையம், உள்ளே வெள்ளை.
வழி தவறியவன் முதலில் தேடுவது அதைத்தான்,
பிறகுதான் கடவுளை.

ஏரிக்கு நான்கு பாதைகள்.
நாணல் ஓரமாகப் படகுத்துறை வரை
பலகை பாவியது ஒன்று.
வேர்கள் குறுக்கே படுத்திருக்கும் முழுச் சுற்று ஒன்று.
லார்ச் மரங்களுக்குள் ஏறி
அருவியின் முதுகுக்குப் போவது ஒன்று.
கடைசியானது முகடு. இரும்புக் கயிறு.
போன வருஷம் வரை நானே போனேன்.
இப்போது இறக்கத்தில்
எனக்கு முன்பே முழங்கால் பேசிவிடுகிறது.

நேஷா போகிறாள், என் டப்பாக்களோடு.
பத்தொன்பது வயது.
திரும்பி வந்து, மூச்சு வாங்காமல் சொல்வாள்:
மேலிருந்து பார்த்தால் ஏரி
சட்டைப் பொத்தான் அளவுதான்.

வீன்கோ அந்தப் பொத்தானைப் பார்த்ததில்லை.
முப்பது வருஷம் சிமென்ட் ஆலை,
நுரையீரலில் பாதியை அங்கேயே விட்டுவிட்டார்.
மூன்றாவது பெஞ்சு வரை வருவார்.
முதல் பெஞ்சில் இருமல்,
இரண்டாவதில் செய்தித்தாள்,
மூன்றாவதில் சும்மா இருத்தல்.
அந்த இருநூறு மீட்டரைப் பற்றி
அவரைவிடத் தெரிந்தவர் இல்லை:
எந்தக் கல்லடியில் நீர்க்குருவி கூடு வைக்கும்,
எத்தனை மணிக்கு மலையின் நிழல்
தண்ணீரில் கால் நனைக்கும்.

இந்த வருஷம் புதுப் பலகை.
நகரசபை வாசகம் அனுப்பியிருந்தது:
'அனைவருக்குமான பாதை.'
பக்கத்தில் சிரிக்கும் சூரியன்.

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்
யெர்னெயா வந்தாள்,
லுப்லியானாவிலிருந்து பஸ்ஸில்,
சக்கர நாற்காலியில், மடியில் ஒரு பிளாஸ்க்.
"தள்ளட்டுமா?" என்றேன்.
"வேண்டாம். ரசமட்டத்தோடு பின்னால் வாருங்கள்."

முதல் வளைவு சரி.
படகுத்துறைக்கு முன் இருக்கும் சரிவில்
முன் சக்கரம்
இரண்டு பலகைகளுக்கு நடுவே
இறங்கி
நின்றது.
அவள் தேநீர் சிந்தவில்லை.
நான்தான் கையிலிருந்த ஆணிகளைச் சிந்தினேன்.
பின்னுக்கு இழுத்து, தோளைத் திருப்பி
வெளியே வந்தாள். கோபமில்லை.
பல் வைத்தியர் கேட்பதுபோலக் கேட்டாள்:
"இடைவெளி எவ்வளவு?"
அளந்தேன். மூன்று சென்டிமீட்டர்.
"சரிவு?"
நூற்றுக்கு ஒன்பது.

"அதை எழுதுங்கள்.
அனைவரும் என்கிறவரை
இதுவரை நான் சந்தித்ததில்லை.
அகலம் எழுதுங்கள்.
எந்த மீட்டரில் எந்த பெஞ்சு என்று எழுதுங்கள்.
முடியுமா முடியாதா என்பது
என் கணக்கு."

இருபத்தாறு வருஷமாக எழுதியிருக்கிறேன்,
சுலபம், நடுத்தரம், கடினம்.
யார் காலால் அளந்தேன்?
இருபத்தைந்து வயதில் எனக்கிருந்த காலால்.
அது இப்போது என்னிடமே இல்லை.

நேஷாவும் நானும் இரண்டு இரவு
பலகைகளைப் பிடுங்கி நெருக்கி அடித்தோம்.
மூன்று, ஒன்றானது.
சரிவு ஒன்பதாகவே நின்றது, அடியில் பாறை.
எழுதினோம்.
சூரியனை அழிக்க முடியவில்லை,
அச்சாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது.

விழாவுக்கு யெர்னெயா வரவில்லை.
அடுத்த செவ்வாய், மழையில் வந்தாள்.
சரிவின் தலையில் நின்று
"ஒன்பது" என்று வாய்விட்டுப் படித்தாள்,
கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

அப்போது நான்
மூன்றாவது பெஞ்சின் முதுகில்
212 என்று எழுதிக்கொண்டிருந்தேன்.
வீன்கோ கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.
"பன்னிரண்டா?
இத்தனை நாளும்
இருநூறு என்றல்லவா நினைத்திருந்தேன்!"
எழுந்து நின்றார்,
வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்,
முகட்டை முடித்து இறங்கியவரைப் போல.