எட்டாவது பாரம்

ருவைஸ் ஆலையின் மூன்றாம் வாசலில்
கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும்,
லைட்டரும் தீப்பெட்டியும் கிடக்கும் அதே தட்டில்.
உள்ளே குழாய்களில் ஓடுவது வாயு.
ஒரு பொறி போதும்.
காவலாளி குல் ரஹ்மான் என் புத்தகத்தை மட்டும்
தலைகீழாய்ப் பிடித்து உதறுவான்.
ஒன்றும் விழாது.
இதில் பேட்டரி இல்லை, சலோ என்பான்.

ஆகவே பகலில் நான் அச்சுக் கட்சி.

இரவில் கட்சி மாறிவிடுவேன்.
அறையில் ஆறு பேர், மேலும் கீழுமாகக் கட்டில்கள்.
ஷஹாபுதீனுக்கு விடிகாலை நாலு மணி ஷிஃப்ட்.
விளக்கைத் தொட்டால் வங்காளத்தில் ஏதோ சொல்வான்,
மொழிபெயர்ப்பு தேவைப்படாது.
போர்வைக்குள் வெளிச்சத்தைக் குறைத்து
கறுப்பில் வெள்ளை எழுத்தாய்ப் படிப்பேன்,
மூன்று சொல்லுக்கு ஒரு வரி.
தூக்கத்தில் இரண்டு முறை மூக்கின்மேல் விழுந்திருக்கிறது.
காகிதம் இத்தனை வலித்ததில்லை.

கீழ்க்கட்டில் முத்துவாப்பா, கீழக்கரைக்காரர்.
உள்ளங்கையில் அறுநூறு நூல் வைத்திருக்கிறார்.
"முப்பது கிலோதான் விடுவான் விமானத்தில்.
பிள்ளைக்குப் பால்பவுடர், மச்சானுக்கு டிரில் மெஷின்.
இதில் உம்ம பாரத்தை எங்கே வைக்க?"

பாரம்.
சிவகாசியில் இரண்டு வருஷம் பைண்டிங்கில் இருந்தவன் நான்.
அங்கே பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம்.
மடிக்க, அடுக்க, தைக்க,
ராத்திரிக்கு இத்தனை பாரம் என்று கூலி.

கவரால் பையில் முழு நாவல் நுழையாது.
ஒரு வெள்ளிக்கிழமை பிளேடால் தையலை அறுத்தேன்.
கை கொஞ்சம் கூசத்தான் செய்தது.
அப்புறம் நாளுக்கு ஒரு பாரம், இரண்டாய் மடித்து,
கேஸ் டிடெக்டருக்குப் பின்னால்.
தகரக் கூரை, தண்ணீர்க் கூலர், பதினைந்து நிமிட டீ.
ஆகஸ்டில் நாடியிலிருந்து சொட்டி
'மழை' என்ற சொல் நிஜமாகவே நனைந்தது.

எட்டாவது தொலைந்துபோனது.
நூற்றுப் பதின்மூன்று முதல் நூற்று இருபத்தெட்டு வரை,
கதையில் தங்கை வீட்டைவிட்டுக் கிளம்புகிற இடம்.
முத்துவாப்பா சிரித்தார். சிரிக்க அவருக்கு உரிமை உண்டு.
அன்றிரவே பதினெட்டு திர்ஹாம் கொடுத்து
அதே நாவலைக் கைபேசியில் வாங்கினேன்,
பதினாறு பக்கத்துக்காக.
தங்கை கிளம்பினாள்.
எந்தப் பக்கம் என்று தெரியவில்லை,
நாற்பத்தோரு சதவீதத்தில் கிளம்பினாள்.

பிறகு ஷட்டவுன். இரட்டை ஷிஃப்ட்.
இரண்டு மாதம் எதையுமே படிக்கவில்லை.

நவம்பரில் கூலரை நகர்த்திக் கழுவினார்கள்.
சுவர்க் குழாயின் கிளாம்பில் செருகியிருந்தது
எட்டாவது பாரம்.
ஓரமெல்லாம் கிரீஸ் ரேகை,
என் பெருவிரலைவிட அகலம்.
கடைசி வரிக்கு அடியில்,
இரும்பில் அளவு குறிக்கும் மஞ்சள் மார்க்கரில்:
மீதி எங்கே?

ஆயிரத்து இருநூறு தலைக்கவசங்கள் உள்ள தளம் அது.
கண்ணைத் தவிர எல்லார் முகத்திலும் துணி.
நான் விசாரிக்கவில்லை.
ஒன்பதாவதை அதே கிளாம்பில் செருகினேன்.
வியாழனன்று காணோம்.
பத்தும் போயிற்று.
பதினொன்று மூன்று நாள் அப்படியே இருந்தது,
ஆளுக்கு ராத்திரி ஷிஃப்ட் விழுந்திருக்கும்.
நாலாம் நாள் கிளாம்பில் ஒரு சிமெண்டுப் பை கிழிசல்:
முதல் ஏழும் வேணும். அவசரமில்லை.

முத்துவாப்பாவிடம் சொன்னேன்.
கைபேசியை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு
வெகுநேரம் மேல்கட்டில் பலகையைப் பார்த்தார்.
"தங்கச்சி திரும்பி வருவாளா இல்லையான்னு
அவருக்கு எழுதிப்புடாதீரும்" என்றார்.

இன்னும் நாலு பாரம் என்னிடம், அட்டையோடு.
எடை போட்டால் நூறு கிராம் தேறாது.
போர்வைக்குள் நான்
எண்பத்தெட்டு சதவீதத்தில் இருக்கிறேன்.
கூலருக்குப் பின்னால் அவர்
பதினாலாவதில்.

சில நாளாகக் கொஞ்சம்
மெதுவாகப் படிக்கிறேன்.